காவியாவின் முன்பற்கள்

சென்னை
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சரிதா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. வந்த அன்றே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். பத்து வாரத்துக்குக் கடிதம் மட்டும்தான். "கடிதம்னா ஸ்கிரீன்ல நல்லா இருக்கும்கா" என்கிறாள் ரஞ்சிதா. எங்களைப் பார்த்துக்கொள்ள டிவிக்காரர்கள் வைத்திருக்கும் பெண் அவள். நாம் எழுதுவதை அவர்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அதனால் கொஞ்சம் பார்த்து எழுது.

நீ தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பியது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாய். 'இனி நீ தேவதை' நிகழ்ச்சிக்கு வீடியோ அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. நம்மைப் போன்ற ஆளை எங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் உன்னிடம் சொல்லவில்லை. கூப்பிட்டுவிட்டார்கள்.

உனக்குத் தெரியாததா. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் சிவராஜ் என்னைக் கூப்பிட்டு, "சரிதா, நீ இன்னிக்கு ஸ்டோர் பக்கம் போயிரு" என்பார். ஒன்பது வருஷமாக அதே லைனில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பெண்கள் லீடர் ஆகிவிட்டார்கள். காரணம் கேட்டால் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. என் வாயைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் சாம்பல் நிறத்தில் ஒரு அங்கி கொடுத்து வெள்ளை விளக்குக்கு அடியில் நிறுத்தினார்கள். டாக்டர் பேனாவால் என் முகத்தில் கோடு போட்டார். "உங்ககிட்ட உங்களுக்கு எது பிடிக்கல?" என்று கேட்டார்கள். துருத்திக்கொண்டிருக்கும் முன்பல் என்றேன். அப்புறம் என்றார்கள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். யோசிச்சுச் சொல்லுங்க என்று கேமராவை அணைக்காமல் நின்றார்கள். கழுத்துக் கறுப்பு, மூக்கு, முழங்கை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அதெல்லாம் உண்மையாகவே பிடிக்காமல் போய்விட்டது அக்கா.

காவியாவைப் பார்த்துக்கொள். அம்மா அழகாகத் திரும்பி வருவாள் என்று சொல்.

உன் தங்கை
சரிதா


பாகலூர்
16 ஜூலை 2024

சரிதாவுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை, அதனால் போடவில்லை. உன் டிவிக்காரர்கள் நன்றாகப் படிக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

குடத்தோடு திரும்பி வந்தால் நீ இல்லை. அடுப்பு மேல் ஒரு துண்டுச் சீட்டு. பதினோரு வயசுப் பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தாயா? அவள் அப்பன் சுரேந்தரும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போனான். வீட்டில் இது பழக்கமாகிவிட்டதோ என்னவோ.

முந்தாநாள் உன்னைக் காட்டினார்கள். வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாள் வீட்டுப் பெரிய டிவியில் லைன் வீட்டு ஒன்பது குடும்பமும் உட்கார்ந்து பார்த்தது. காவியாதான் எல்லோரையும் கூப்பிட்டாள், எங்கம்மா வர்றாங்க என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி. முன்வரிசையில் உட்கார்ந்தாள். உன் முகம் வந்தது. கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில், திரை முழுக்க, இழவு வீட்டு இசையோடு. நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நிறுத்தி வைத்துப் பல்லைக் கிட்டே கொண்டுவந்தார்கள். கீழே 'பிஃபோர்' என்று எழுத்து. லட்சுமியம்மாள் தெலுங்கில் பாபம், பாபம் என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று திரும்பி, "ஏய் காவியா, இது நீதான்டி" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். விளையாட்டாக எடுத்துக்கொண்டால் பிள்ளை அழமாட்டாள் என்று நினைத்தேன். தப்பு பண்ணிவிட்டேன்.

அது உன் பல் மட்டும் இல்லை சரிதா. நம் அப்பாவின் பல். எனக்கும் அதுதான், காவியாவுக்கும் அதுதான். உன் ஒருத்தியை அசிங்கம் என்று சொல்ல மூன்று பேரைக் காட்டிவிட்டார்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், "பெரியம்மா, என்னெ எல்லாரும் பிஃபோர்னு கூப்புடறாங்க" என்றாள். பையை வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து பர் எடுத்தாள். படிக்கிற டிவிக்காரர்களுக்குப் புரியாது, சொல்கிறேன். இங்கே பட்டறைகளில் அச்சில் வார்த்த அலுமினிய பீஸ்களை மூட்டையாக எங்கள் வீட்டில் இறக்குவார்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுக்குப் பர் என்று பெயர். அதைச் சின்ன அரத்தால் ராவி எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பர் இருந்தால் பீஸ் ரிஜெக்ட்.

சீக்கிரம் வந்து சேர்.

பிரியா


சென்னை
22 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னை அப்படிக் காட்டுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. ரஞ்சிதாவிடம் கேட்டேன். "கடைசி நாள்ல எல்லாரும் கை தட்டணும்னா முதல் நாள் அப்படித்தான்கா காட்டணும்" என்றாள். சின்னப் பெண். அவளைத் திட்டி என்ன பயன்?

இந்த வீட்டில் கண்ணாடி கிடையாது. பாத்ரூமில்கூட கழற்றிவிட்டார்கள். தட்டு, கரண்டி எல்லாம் பிளாஸ்டிக். கடைசி நாள் மேடையில்தான் எங்கள் முகத்தை நாங்களே பார்க்க வேண்டுமாம். பல் வேலை முந்தாநாள் தொடங்கியது. மேல்வரிசையில் எட்டுப் பல்லை மெஷினால் ராவிக் குச்சி குச்சியாக்கி இருக்கிறார்கள். அதன்மேல் புதுப் பல் மாட்டுவது கடைசி வாரத்தில். அதுவரை கஞ்சி, ஜூஸ். நாக்கால் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய வாயோ போல இருக்கிறது. இப்போது பாதியில் கிளம்பி வந்தால் இந்தக் குச்சிப் பல்லோடுதான் வர வேண்டும். அதனால் வா வா என்று எழுதாதே.

காவியாவை நினைத்து அழுகிறேன். நம்பாவிட்டால் போ. நேற்று கேமரா முன்னால் மகளுக்கு ஒரு கடிதம் படிக்கச் சொன்னார்கள். என் மனதில் இருந்ததை எழுதிப் படித்தேன். ரஞ்சிதா அழுதுவிட்டாள், லைட் பிடிக்கிற பையன்கூட அழுதான். ஆகஸ்ட் நாலாம் தேதி வருமாம். அவளை உட்கார வைத்துக் காட்டு. என் குரலைக் கேட்டால் தேறிவிடுவாள்.

உன்னைக் கஷ்டப்படுத்துகிறேன் என்று தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உனக்கு ஒருநாளும் இப்படி ஆசை வந்ததே இல்லையா?

சரிதா


பாகலூர்
7 ஆகஸ்ட் 2024

சரிதா,

உங்கள் ஆபீஸ் நம்பருக்கு நான்கு தடவை போன் செய்தேன். ஷூட்டிங்கில் இருக்கிறார், சொல்கிறோம் என்றார்கள். சொன்னார்களோ இல்லையோ. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபடி பிள்ளையை உட்கார வைத்தேன். லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை, நம் வீட்டுக் குட்டி டிவியில்தான். முதலில் நாற்காலியில் படுக்க வைத்து மெஷினால் உன் பல்லை ராவுவதைக் காட்டினார்கள். பிறகு நீ படித்தாய். "காவியா, என்கிட்ட இருந்த அசிங்கத்த உனக்குக் குடுத்துட்டேன், அம்மாவ மன்னிச்சுரு. நான் வந்ததும் உனக்கும் சரி பண்ணித் தர்றேன்." நீ அழுதாய். இசை போட்டார்கள். பிள்ளை அழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் கலங்கக்கூட இல்லை. எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, "அப்ப அம்மாவுக்கும் என் பல்லு அசிங்கந்தானா பெரியம்மா?" என்றாள். ஊரே சொன்னபோது தாங்கிக்கொண்டாள். நீ சொன்னதைத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்று வலி என்றாள். நான் முடித்த மூட்டையைக் கொடுக்க மாரிசாமி பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அரம் ஓடுகிற சத்தம். பதினைந்து வருஷமாகக் கேட்கிற சத்தம், எனக்கு ஒரு கணம் வித்தியாசமாகவே படவில்லை. அதுதான் இன்றும் என்னைத் தின்கிறது. கதவை இடித்துத் திறந்தால் வாயெல்லாம் ரத்தம். முன்பல் இரண்டும் பாதியாகிவிட்டது. ஒன்றில் உள்ளே இருக்கும் நரம்பு தெரிகிறது. "பர் எடுத்தேன் பெரியம்மா, இனிமே பாஸாயிடும்" என்றாள்.

வலி தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. இவ்வளவு வலியை ஒரு குழந்தை தாங்கியிருக்கிறாள் என்றால் அந்த முகத்தின்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்திருக்க வேண்டும்? ஓசூரில் டாக்டர் நரம்பைச் சாகடித்து மேலே ஏதோ பூசி அனுப்பியிருக்கிறார். போன பல் முளைக்காது என்றார். காய்ச்சல் இன்னும் விடவில்லை.

வீட்டில் இருந்த அரம் எல்லாவற்றையும் மாரிசாமியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குச்சிப் பல்லோ பொக்கை வாயோ, இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பி வா.

பிரியா


சென்னை
18 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் எனக்கு நேற்றுதான் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லக்கூடாது. மேடை மாதிரி ஒரு இடத்தில் உட்கார வைத்து, வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பிரித்துப் படியுங்கள் என்றார்கள். நான்கு கேமரா. எனக்கு முன்னால் எல்லோரும் படித்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்து நாளாகப் பிள்ளை காய்ச்சலில் கிடப்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. 'நரம்பு தெரிகிறது' என்ற இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. மறுபடி அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

நான் கிளம்புகிறேன் என்றேன். சண்டை போட்டேன். அப்போது டைரக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். கடைசி நாள் நிகழ்ச்சிக்குக் காவியாவைக் கூட்டிவரலாம், என் பல்லைச் செய்த அதே டாக்டர் அவளுக்கும் செய்வார், ஒரு பைசா வேண்டாம் என்றார். நான் இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு யோசித்தேன். நம்மால் அவளுக்கு என்ன செய்ய முடியும்? அந்தப் பாதிப் பல்லோடு அவள் வளர வேண்டுமா? நாளைக்கு ஒரு வேலைக்குப் போய் ஸ்டோர் பக்கம் நிற்க வேண்டுமா?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தாறாம் தேதி கார் அனுப்புவார்கள். அவளுக்கு அந்த நீலச் சுடிதாரைப் போட்டு அனுப்பு. நீயும் வா என்கிறார்கள்.

அவர்கள் செய்தது அநியாயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் செய்தவர்கள்தானே சரி செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள்? எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா. திட்டு, ஆனால் அனுப்பு.

சரிதா


பாகலூர்
24 ஆகஸ்ட் 2024

சரிதா,

அனுப்ப மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கார் வந்தால் பூட்டைத்தான் பார்க்கும். நானும் பிள்ளையும் ஊருக்குப் போகிறோம், எந்த ஊர் என்று சரிதாவுக்குத் தெரியும். போனை அணைத்து வைத்துவிடுவேன். அங்கே எப்படியும் சிக்னல் கிடைக்காது.

காவியாவைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவார்கள். அந்தப் பாதிப் பல்லைக் கிட்டே கொண்டுவருவார்கள். கீழே என்ன எழுதுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அவள் அரத்தை எடுத்ததைக்கூட நடித்துக் காட்டச் சொல்வார்கள். அதற்கு நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிள்ளை போகத்தான் வேண்டும் என்றாள். உன் கடிதத்தை நான் ஒளித்து வைத்திருந்தும் எடுத்துப் படித்துவிட்டாள். நீலச் சுடிதாரை அவளே துவைத்துக் காயப் போட்டாள். முடியாது என்றதும் என் கையைக் கடித்தாள். அந்தப் பல்லால் கடிக்கும்போது அவளுக்குத்தான் வலித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

நீ தாய், எனக்கு உரிமை இல்லை என்பாய். சொல்லிக்கொள். நான் வரச் சொல்லும்வரை அங்கே வராதே.

பிரியா


பாகலூர்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாம் தேதியே வந்துவிட்டேன். கடைசி நாள் நிகழ்ச்சியை முன்னாலேயே எடுத்துவிட்டார்கள், முந்தாநாள்தான் போட்டார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய். காவியாவுக்குக் காலியாக ஒரு நாற்காலி போட்டு, அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் வரவில்லை என்று நான் அழுததும் அவர்களுக்கு உபயோகப்பட்டது.

வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கினேன். லட்சுமியம்மாள் என்னைப் பார்த்து, "யாரும்மா வேணும்?" என்றாள். இரண்டு வீடு தள்ளி எட்டு வருஷமாக இருக்கிறவள். நான் பேசிய பிறகுதான் தெரிந்துகொண்டாள். கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வேலைக்குப் போனேன். சிவராஜ் சார் எழுந்து நின்று பேசினார். அடுத்த வாரம் ஆடிட், முன்னால் நின்று லைனை நீதான் விளக்க வேண்டும் என்றார். இதற்காகத்தானே போனேன்? சந்தோஷமாக இருக்க வேண்டும். பாத்ரூமில் போய் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். வரிசையாக, வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கிறது. இவள்தான் சரிதா என்றால் இத்தனை வருஷமும் அந்த லைனில் வேலை செய்தது யார் என்று தோன்றியது. அவள்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது, ஆத்திரமும் வந்தது.

நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டது அன்பால்தான் அக்கா. அது அவளுக்கு இப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீ வீட்டைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டிப்போன நாள் உனக்குச் சாபம் விட்டேன். இப்போது அந்தக் கார் வெறுமனே திரும்பியதுதான் நடந்ததிலேயே நல்ல விஷயம்.

வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். சொல்.

சரிதா


நாட்றாம்பாளையம்
25 செப்டம்பர் 2024

சரிதாவுக்கு,

சித்தப்பா தீர்த்தகிரி வீட்டில்தான் இருக்கிறோம். கேழ்வரகுக் காட்டில் வேலை இருக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் பேசி அவளை உட்கார வைத்திருக்கிறேன். யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை. ஆனால் அவள்தான் பேசுவதில்லை. டீச்சர் கேட்டால் எழுதிக் காட்டுகிறாள். சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

உன்னைப் பார்த்தேன். அஞ்செட்டிக்கு மருந்து வாங்கப் போனபோது டீக்கடை டிவியில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். காவியா என் பக்கத்தில்தான் நின்றாள், இழுத்துக்கொண்டு போக எனக்குத் தோன்றவில்லை. நீ அழகாக இருந்தாய். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் பொய்க்காரி. நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், உனக்கு ஆசை வந்ததே இல்லையா என்று. வந்திருக்கிறது. அந்த டீக்கடையில் நிற்கும்போதுகூட வந்தது. நாற்பது வயசில், பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதனால் உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு முழுசாக இல்லை.

பஸ்ஸில் வரும்போது காவியா பேசினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. "பெரியம்மா, எல்லாரும் என்னெ அம்மா மாதிரியே இருக்கேன்னு சொல்லுவாங்கல்ல? இப்ப நான் யார் மாதிரி இருக்கேன்?" என்றாள். என்னை மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அம்மா முன்னால் இருந்த மாதிரி, சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். டிவியில் வந்தது வேண்டாம். வீட்டில் எடுத்தது வேண்டும்.

தேடி அனுப்பு. அதை அனுப்பினால் நீ வருவதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பிரியா


பாகலூர்
2 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தேடுகிறேன். பீரோவைக் கவிழ்த்தேன். கல்யாண ஆல்பம், காவியாவின் முதல் பிறந்தநாள், கம்பெனி ஆயுதபூஜை, போனில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் படம், எல்லாம் பார்த்தேன். ஒன்றில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்து மூடியிருக்கிறேன், இல்லாவிட்டால் முந்தானையை வைத்து மறைத்திருக்கிறேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டுகூட அப்படித்தான். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானேதான் செய்திருக்கிறேன்.

நான் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே படம் அவர்கள் எடுத்ததுதான். அன்று ரஞ்சிதா ஏதோ தமாஷ் சொன்னாள், மறந்து சிரித்துவிட்டேன். அதைத்தான் நிறுத்தி வைத்து ஊருக்கே காட்டினார்கள். நேற்று போன் செய்து அதையாவது அனுப்பு என்று கேட்டேன். அனுப்பினாள். கலரில் பார்த்தால் அது நல்ல சிரிப்பு அக்கா. நல்லாத்தான் இருந்திருக்கேன். ஆனால் அந்தப் படம் வேண்டாம் என்று பிள்ளை எழுதியிருக்கிறாள். அதை எந்த மூஞ்சியோடு அனுப்புவேன்?

யோசித்துப் பார்த்தால் என் பழைய சிரிப்பு வேறு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அவள் முகத்தில். அதை அவளே ராவிவிட்டாள்.

அவள் கேட்டதைக் கொடுக்க என்னிடம் இல்லை. நீ வரச் சொல்லவில்லை என்று தெரியும். சனிக்கிழமை ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் வருகிறேன். அவள் பார்க்க மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே. கதவைச் சாத்திக்கொள்ளட்டும். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

சரிதா